நட்டு இறுகியிருக்கிறது, சக்கரம் ஆடுகிறது

ரிமோட்டில் ஓட்டுகிற பெரிய ஆர்.சி. காரின் சக்கரம் அச்சில் பிடிக்காமல் வழுக்குகிறது என்று யாராவது சொன்னால் உடனே வருகிற பதில், புதுசு வாங்கிப் போடு என்பது. காசு இல்லாதவருக்கு வேறொரு பதில் இருக்கிறது: ஃபெவிகுவிக்கை ஊற்றி, மேலே சமையல் சோடாவைத் தூவி, சக்கரத்தின் தேய்ந்த நடுத்துளையை அடைத்துவிடு. இரண்டையும் செய்து பார்த்தவர்கள் சில வாரங்களில் அதே இடத்துக்குத் திரும்பி வருகிறார்கள். பிசின் போட்டு அடைத்தது ஒரே துண்டாக, பல் விழுந்த மாதிரி கழன்று வரும். புதுச் சக்கரத்தின் துளையும் பழையதைப் போலவே வட்டமாகிவிடும். பல வாரம் காத்திருந்து வெளிநாட்டிலிருந்து வரவழைத்த சக்கரம் அது. சக்கரம் மட்டமான பிளாஸ்டிக் என்று கம்பெனியைத் திட்டிவிட்டு மறுபடியும் ஆர்டர் போடுவார்கள். ஆனால், சக்கரத்தைத் தேய்த்தது எது என்று அந்த வண்டியை யாரும் கேட்கவே இல்லை.

புதுச்சேரி, கடலூர் பக்கம் இந்தக் கேள்வி இன்னும் அவசரமானது. வீராம்பட்டினம் மணலிலும், கடலூர் வெள்ளிக் கடற்கரையிலும், ஆரோவில் பக்கத்துச் செம்மண் பாதையிலும், கேப்பர் மலை மேட்டிலும்தான் இந்த வண்டிகள் ஓடுகின்றன. கடற்கரை மணலில் இருக்கும் குவார்ட்ஸ், சக்கரத்தின் நைலானைவிடவும், துளைக்குள் உட்கார்ந்து அதைச் சுழற்றும் ஹப் என்ற அறுகோணத் துண்டின் அலுமினியத்தைவிடவும் கடினம். செம்மண் புழுதி அவ்வளவு கடினமில்லை, ஆனால் மாவு மாதிரி நைசாக இருப்பதால் நூலிழை இடைவெளிக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே இந்த இரண்டும் சேர்ந்துவிட்டால் அங்கே ஓர் உப்புத்தாளை வைத்து ஓட்டுகிற கதைதான்.

துளை எப்படி வட்டமாகிறது

எக்ஸ்-மேக்ஸ், லோசி ஃபைவ்-டி, க்ராடன் 8எஸ் போன்ற பெரிய வண்டிகளில் சக்கரத்தின் நடுவில் இருப்பது 24 மி.மீ. அறுகோணத் துளை. எல்லாரும் ஹெக்ஸ் என்றே சொல்வார்கள். 1/8 அளவு வண்டிகளுக்கு 17, 1/10-க்கு 12. இந்த எண் எதிரெதிர்த் தட்டைப் பக்கங்களுக்கு நடுவில் உள்ள தூரம். மூலைக்கு மூலை அளந்தால் 24 மி.மீ. ஹெக்ஸ் 27.7 வரும். எக்ஸ்-மேக்ஸ் எட்டரைக் கிலோவுக்கு மேல் எடை. டயரின் விட்டம் சுமார் 200 மி.மீ. என்றால், தரை டயரை இழுக்கிற விசை ஹெக்ஸ் பக்கத்தில் ஏறக்குறைய எட்டு மடங்காக வந்து இறங்குகிறது, ஏனென்றால் டயரின் ஆரம் 100, ஹெக்ஸின் ஆரம் 12. காற்றில் பறக்கும்போது ஆக்ஸிலேட்டரை விடாமல் பிடித்திருந்து, சுழலும் சக்கரத்தோடு தரையில் விழுந்தால் அந்த நொடியின் அடி இதைவிடப் பல மடங்கு.

தேய்ந்த சக்கரத்தை வெயிலில் சாய்த்துப் பிடித்துத் துளைக்குள் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். ஆறு பக்கமும் ஒரே சீராகத் தேய்ந்திருக்காது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பாதி மட்டும், மூலையை ஒட்டிய பாதி மட்டும், வழுவழுவென்று மின்னும். மறுபாதியில் அச்சில் வார்த்த சொரசொரப்பு அப்படியே இருக்கும். மின்னும் பாதி முன்னோக்கி ஓடும்போது ஹப்பின் மூலை வந்து அழுத்துகிற பாதி. அது மட்டும் மின்னினால் வேகம் எடுக்கும்போது தேய்ந்தது. இரண்டு பாதியும் மின்னி, நடுவில் ஒரு சின்ன மேடு மிஞ்சியிருந்தால் பிரேக் பிடிக்கும்போதும் ஹப் முன்னும் பின்னும் அடித்துக்கொண்டிருந்தது என்று பொருள். அந்த வண்டியில் நட்டு பல நாளாகத் தளர்ந்திருக்கிறது, அல்லது இறுகியும் பிடிக்காமல் இருந்திருக்கிறது. இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான் கீழே நிறையச் சொல்லப் போகிறேன்.

ஹெக்ஸ் சரியாகப் பொருந்தியிருக்கும்போது முழுப் பக்கமும் சுமையைத் தாங்கும். கொஞ்சம் இடைவெளி விழுந்ததும் ஹப் லேசாகத் திரும்பி, பக்கத்துக்குப் பதில் மூலைக்கோடு மட்டும் நைலானைத் தொடும். 14 மி.மீ. அகலத்தில் பரவியிருந்த சுமை ஒரு கோட்டில் வந்து நிற்கிறது. அந்தக் கோடு நைலானை நசுக்குகிறது, இடைவெளி கூடுகிறது, அடுத்த முறை அடி இன்னும் பலமாக விழுகிறது. அதனால்தான் மாதக்கணக்கில் ஒழுங்காக இருந்த சக்கரம் ஒரே மாலையில் வழுக்கி நிற்கிறது.

வெர்னியர் இல்லாமலே இதை அளக்கலாம். நட்டைக் கால் சுற்று தளர்த்துங்கள். உள்பக்கம் அச்சுத் தண்டைத் துணி சுற்றிய பிளையரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, டயரின் விளிம்பை முன்னும் பின்னும் அசைத்து, மொத்தம் எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேலில் பாருங்கள். 200 மி.மீ. டயரில் ஒன்றரை மி.மீ. நகர்ந்தால் துளை 24.1, புதுச் சக்கரக் கணக்கு. 6 மி.மீ. நகர்ந்தால் துளை 24.4 ஆகியிருக்கிறது. 15 மி.மீ. என்றால் 25. கணக்குப்படி 27.7 ஆனால்தான் ஹப் முழுச்சுற்றும் வழுக்கும். நைலான் நசுங்கிக் கொடுப்பதால் நடைமுறையில் அதற்கு வெகு முன்பே வழுக்கிவிடும். அச்சைப் பிடிக்காமல் அசைத்தால் டிஃபரன்ஷியல் பல்லின் ஆட்டமும் சேர்ந்து வந்து அளவைக் கெடுத்துவிடும்.

நட்டின் பொய்

தட்டாஞ்சாவடி பக்கம் ஒரு லேத் பட்டறைக்குத் தேய்ந்த சக்கரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் பேச்சு இப்படித்தான் போகும்.

"அண்ணே, இந்த ஓட்டைய மட்டும் அடைச்சுக் குடுங்க."

"அடைக்கிறது அப்புறம் தம்பி. இதுக்குள்ள உக்கார்ற சாமான் எங்க? நட்டு எங்க?"

ஆர்.சி. காரை வாழ்நாளில் பார்த்திராத மேஸ்திரியும் இதைத்தான் முதலில் கேட்பார், கேட்பதும் சரி. ஹப், அதை அச்சோடு பூட்டும் குறுக்கு ஊசி, நட்டு, சக்கரம் நான்கையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பார்க்காமல் பழுது பார்க்க முடியாது.

சக்கரத்தைச் சுழற்றுவது ஹெக்ஸ் என்றே நாம் நினைக்கிறோம். ஒழுங்காகப் பூட்டிய சக்கரத்தில் சுமையில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வது இறுக்கம். நட்டு வெளியிலிருந்து அழுத்த, ஹப் உள்ளிருந்து தாங்க, நடுவில் சக்கரத்தின் தரைத்தட்டு, அதாவது ஹெக்ஸ் துளையின் அடியில் இருக்கும் தட்டு, சாண்ட்விச் மாதிரி மாட்டிக்கொள்கிறது. அந்த உராய்வு பிடித்திருக்கும் வரை ஹெக்ஸுக்கு வேலை குறைவு. இறுக்கம் போனதும் முழுச் சுமையும் ஹெக்ஸ் மூலைகளின் தலையில் விழுகிறது.

இறுக்கம் போனது கைக்குத் தெரிவதில்லை என்பதுதான் சிக்கல். நட்டின் அடியில் பல் பல்லாக வெட்டியிருப்பார்கள், கழலாமல் பிடிப்பதற்காக. ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் அந்தப் பல் தரைத்தட்டை ஒரு சுரண்டு சுரண்டும். நைலானும் அழுத்தத்தில் மெல்ல மெல்ல அமுங்கிப்போகிற பொருள். புதிதில் 5 மி.மீ. இருந்த தட்டு 4 ஆகும். அப்போது நட்டு சக்கரத்தை அழுத்துவதற்கு முன்பே அச்சின் திருகு முடிகிற இடத்தில் போய் முட்டி நின்றுவிடும். ஸ்பேனரில் நல்ல கெட்டியாகத் தெரியும். நட்டு இறுகியிருக்கிறது, ஆனால் அது இறுகியிருப்பது அச்சோடு. சக்கரம் ஹப்புக்கும் நட்டுக்கும் நடுவில் சும்மா மிதந்துகொண்டிருக்கிறது. இன்னும் பலமாகத் திருகினால் அச்சின் திருகு சிதையுமே தவிர சக்கரம் இறுகாது. இந்த நிலையில் போட்ட புதுச் சக்கரம் சில நாள் தாங்கும், அதன் தட்டு இன்னும் தடிமனாக இருப்பதால். பிறகு அதுவும் அதே வழியில் போகும்.

கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஹப்பை இடத்தில் வைத்து, வெறும் நட்டைக் கையால் கடைசி வரை திருகுங்கள். சக்கரத்தின் தட்டு எந்த இரண்டு முகங்களுக்கு நடுவில் மாட்டுமோ அந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு சக்கரத்தின் தட்டை நட்டு கடித்த பள்ளத்தில் வைத்தே அளக்கவேண்டும், விளிம்பில் வைத்து அளந்தால் ஏமாற்றும். தட்டு அந்தத் தூரத்தைவிடக் குறைந்தது 1 மி.மீ. தடிமனாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் நட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் 1 முதல் 1.5 மி.மீ. தடிமனில் ஸ்டெயின்லெஸ் வாஷர் ஒன்று போடுங்கள். வெளிவிட்டம் நட்டின் விளிம்பளவு அகலமாக இருக்கட்டும், உள்விட்டம் அச்சை நெருக்கமாகப் பிடிக்கட்டும். சாதா இரும்பு வாஷர் நம் உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடித்துச் செதில் உரியும், அந்தச் செதிலும் தேய்க்கும். பல வண்டிகளில் பழுதின் பாதி இந்த வாஷரோடு முடிந்துவிடுகிறது. மீதிப் பாதிதான் துளை.

துளையை மீட்பது

முதலில் நல்ல தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு நாள் நிழலில் காயவிடுங்கள். நைலான் தண்ணீரைக் குடித்து லேசாக ஊதுகிற பொருள், ஈரத்தோடு அளந்தால் அளவு தப்பும். ஹப்பையும் அளக்கவேண்டும். அலுமினிய ஹப்பின் மூலைகள் மழுங்கியிருந்தால் அதை மாற்றாமல் சக்கரத்தைத் தொடுவது வீண் வேலை. குறுக்கு ஊசி அதன் பள்ளத்தில் ஆடினாலும் அதேதான். ஹெக்ஸைச் சரிபார்க்கத் தனிக் கேஜ் எதுவும் வேண்டாம். எம்16 போல்ட்டின் தலையும் நட்டும் 24 மி.மீ. ஹெக்ஸ்தான். ஹார்டுவேர் கடையில் ஒன்று வாங்கித் துளைக்குள் விட்டுப் பார்த்தாலே ஆட்டம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

24.3 வரை உள்ள தேய்மானத்துக்குக் கூல்டிரிங்க் டின்னின் தகடு போதும். அதன் தடிமன் சுமார் 0.1 மி.மீ. ஹப்பின் ஆறு பக்கச் சுற்றளவு 83 மி.மீ. அந்த நீளத்தில், ஹப்பின் உயரத்துக்குச் சமமான அகலத்தில் ஒரு பட்டை வெட்டி, மூலைகளில் மடித்துச் சுற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து 0.2 குறையும். பட்டையின் இரண்டு நுனியும் ஒரு பக்கத்தின் நடுவில் சந்திக்கட்டும், மூலையில் வேண்டாம். இது நிரந்தரம் இல்லை, ஒரு சீசனுக்குத் தாங்கும்.

அதற்கு மேல் 25 வரை போனவற்றுக்கு எபாக்ஸி வார்ப்பு, அதாவது இரண்டு ட்யூபைக் கலந்தால் இறுகும் பசையை ஊற்றி வார்ப்பது. நைலானோடு எந்தப் பசையும் மனம் ஒப்பி ஒட்டாது என்பதை முதலில் ஏற்றுக்கொள்ளவேண்டும். ஆகவே பசையை ஒட்டவைக்காமல் மாட்டிக்கொள்ள வைக்கவேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் 2 மி.மீ. ட்ரில்லால் ஒரு மி.மீ. ஆழத்துக்கு மூன்று குழி போடுங்கள், ட்ரில் கொஞ்சம் சாய்ந்தே இருக்கட்டும். மூன்றும் மூன்று திசையில் சாய்ந்திருந்தால் இறுகிய எபாக்ஸி எந்தப் பக்கமும் உருவிக்கொண்டு வராது. ஐந்து நிமிட எபாக்ஸி வேண்டாம், அது மே மாத வெயிலில் இளகும். மெதுவாக இறுகும் சாதாரண அரால்டைட்டே நல்லது. அதில் கண்ணாடி இழை கலந்தால்தான் அடி தாங்கும்.

இழைக்கு நம்மூரில் பஞ்சமில்லை. தேங்காய்த்திட்டிலும் கடலூர் முதுநகரிலும் ஃபைபர் படகு செப்பனிடும் இடங்களில் ரோவிங் என்ற, கண்ணாடி இழையில் நெய்த துணியின் வெட்டுத்துண்டுகள் கிடக்கும். கேட்டால் ஒரு கைப்பிடி கொடுப்பார்கள். நூலைப் பிரித்து 3 மி.மீ. நீளத்துக்குக் கத்தரித்து, கெட்டி இட்லி மாவு பதத்துக்கு வரும்வரை அரால்டைட்டில் கலக்கவேண்டும். கையுறையும் முகத்துணியும் போட்டுக்கொள்ளுங்கள், அந்த இழை தோலில் ஏறினால் இரண்டு நாள் அரிக்கும். அங்கேயே கிடைக்கும் படகு ரெசினை மட்டும் இதற்கு எடுக்கவேண்டாம். அது பாலியெஸ்டர், இறுகும்போது சுருங்கும், சுருங்கினால் பழையபடி ஆட்டம். நெய்யாமல் பாயாக ஒட்டி வருகிற இழையும் வேண்டாம், அதன் இழைகளைப் பிடித்திருக்கும் பசை எபாக்ஸியில் கரையாமல் கட்டி கட்டியாக நிற்கும்.

வார்க்கும் அச்சாக உங்கள் ஹப்பையே வையுங்கள். அதன் ஆறு பக்கத்திலும் ஒரே ஒரு சுற்று செல்லோடேப், மேலே கொஞ்சம் மெழுகு. டேப் ஒட்டாமல் காக்கும், கூடவே பக்கத்துக்கு 0.05 வீதம் மொத்தம் 0.1 மி.மீ. இடைவெளியையும் தந்துவிடும். புதுச் சக்கரத்தின் பொருத்தமும் அதுவே. எபாக்ஸியைச் சுவரில் பூசி, சக்கரத்தை வண்டியிலேயே மாட்டி, நட்டை லேசாகப் பூட்டுங்கள். ரிம் பக்கத்தில் ஒரு பேனாவை அசையாமல் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். பேனா நுனிக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி ஒரு சுற்றில் அரை மி.மீ.-க்கு மேல் மாறக்கூடாது. இறுகிய பிறகு திருத்த முடியாத ஒரே விஷயம் இது, அவசரப்படாதீர்கள். 24 மணி நேரம் தொடாமல் விட்டுவிட்டு, ரப்பர் சுத்தியலால் தட்டினால் ஹப் வெளியே வந்துவிடும்.

பாக்ஸ் ஸ்பேனர் வளையம்

25-ஐத் தாண்டிய சக்கரத்தை எல்லாரும் குப்பைக்கு அனுப்புகிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இங்கேதான் இருக்கிறது. வேண்டியது 24 மி.மீ. அறுகோணத் துளையுள்ள ஓர் இரும்பு வளையம். லேத்தில் அறுகோணத் துளை போடுவது எளிதில்லை, ஸ்லாட்டிங் மிஷினோ ஒயர் கட்டோ வேண்டும், செலவு சக்கரத்தின் விலையைத் தொடும். அதே துளை ஏற்கெனவே போட்டு ஹார்டுவேர் கடையில் தொங்குகிறது: குழாய் மாதிரி இருக்கும் பாக்ஸ் ஸ்பேனர். ஒரு முனை 24 உள்ளதாகப் பார்த்து எடுங்கள். அதன் முனை உள்ளேயும் அறுகோணம், வெளியேயும் அறுகோணம். வெளிப்பக்கமும் மூலையோடு இருப்பதால் எபாக்ஸிக்குள் சுழலாது. ராட்செட்டில் மாட்டுகிற சாக்கெட்டை வெட்டலாம் என்று தோன்றும், ஆனால் அது ஆக்ஸா பிளேடைத் தின்றுவிடும், வெளிப்பக்கமும் உருண்டை.

முனையிலிருந்து 10 மி.மீ. உயரத்தில் வெட்டி, பிசிறை அரத்தால் எடுங்கள். சுவர் இரண்டரை மி.மீ. என்றால் வளையத்தின் எடை சுமார் 18 கிராம் வரும். அச்சை ஒட்டியே இருப்பதால் சுழற்சிக்குப் பெரிய பாரமில்லை. வெளிப்பூச்சை எமரி ஷீட்டால் சுரண்டி, ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு மெல்லிய கீறல் போட்டு, தின்னரால் எண்ணெய் போகத் துடையுங்கள். வளையம் வெளிப்பக்கம் 29 மி.மீ. என்றால் மூலைக்கு மூலை 33.5. சக்கரத்தின் துளையை லேத்தில் 34-க்கு வட்டமாகக் குடையவேண்டும், தரைத்தட்டைத் தொடக்கூடாது. குடைந்த பிறகு சுற்றிலும் 3 மி.மீ. சுவராவது மிஞ்சவேண்டும், மிஞ்சாது என்றால் இந்த வேலையில் இறங்காதீர்கள். ரிம்மை நேராக லேத்தின் கவ்வியான சக்கில் கவ்வினால் நைலான் நசுங்கி, குடைந்தது கோணிக்கொள்ளும். ரிம்முக்குள் மரக்கட்டை ஒன்றைப் பொருத்திக் கவ்வச் சொல்லுங்கள்.

இந்த வேலை தோற்கிற இடம் ஒன்றே. இரும்பு எபாக்ஸிக்குள் கெட்டியாக நிற்கும், ஆனால் எபாக்ஸி மொத்தமாக வட்ட நைலானுக்குள் சுழல ஆரம்பிக்கும். அதைத் தடுக்க, குடைந்த சுவரில் வளையத்தின் ஆறு தட்டைப் பக்கங்களுக்கு எதிரே 3 மி.மீ. ட்ரில்லால் செங்குத்தாக ஆறு பாதித் துளை போடவேண்டும். எபாக்ஸி அதிகமாக நிரம்புகிற இடமும் அதுதான், அங்கே அது ஆறு சாவி மாதிரி இறுகிவிடும். வளையத்தின் மேல்முகம் நைலானைவிட அரை மி.மீ. தாழ்ந்தே இருக்கவேண்டும். உயர்ந்தால் ஹப் வளையத்தின் மேல் உட்கார்ந்து, சக்கரத்தை விட்டுவிட்டு வளையத்தை மட்டும் நெருக்கும். திரும்பவும் நட்டின் பொய்.

ரிம், டயர், சமநிலை

ரிம்மில் விரிசல் இருந்தால் அதன் நுனியில் 2 மி.மீ. துளை போட்டு நிறுத்திவிட்டு, நைலான் கேபிள் டையை நிரப்புக் கம்பியாக வைத்துச் சால்டரிங் அயனால் உருக்கிச் சேர்க்கலாம். நிறம் பழுப்பாக மாறினால் சூடு அதிகம், அந்த இடம் நொறுங்கும். டயரின் உள்பக்கக் கிழிசலுக்குச் சைக்கிள் ட்யூப் துண்டும் பஞ்சர் சொல்யூஷனும் போதும். ரப்பரை நன்றாகச் சுரண்டி, சொல்யூஷன் கைக்கு ஒட்டாத அளவு காய்ந்த பிறகே ஒட்டவேண்டும். டயரை ரிம்மோடு கவ்வும் பீட்லாக் வளையத்தின் திருகுகளை எதிரெதிராக, இரண்டு சுற்றாக இறுக்குங்கள்.

பழுது பார்த்த சக்கரத்தைச் சமன் பார்க்காமல் ஓட்டக்கூடாது. 80 கி.மீ. வேகத்தில் 200 மி.மீ. டயர் நிமிடத்துக்கு 2,100 சுற்றுக்கு மேல் சுற்றும். ரிம் ஓரத்தில் வெறும் 5 கிராம் அதிகம் இருந்தால் அந்த வேகத்தில் அது ஒரு கிலோவுக்கு மேலான இழுப்பாக மாறி, ஒவ்வொரு சுற்றிலும் பேரிங்கை உலுக்கும். நட்டைத் தளர்த்துவதும் அந்த உலுக்கல்தான். சக்கரத்தை நல்ல பேரிங் மேல் விட்டுத் தானாக நிற்கவிடுங்கள். கீழே வந்து நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே, ரிம்மின் உள்பக்கம், எம்-சீலைச் சிறு உருண்டைகளாக ஒட்டிக்கொண்டே வந்தால், எங்கே நிறுத்தினாலும் அங்கேயே நிற்கிற நிலை வரும்.

முதல் ஓட்டம் ஐந்து நிமிடம் போதும். நிறுத்தி, ஆறவிட்டு, நட்டை மறுபடி இறுக்குங்கள், கொஞ்சமாவது திரும்பும். மறுநாள் ஓட்டுவதற்கு முன் இன்னொரு முறை. அதன்பின் நட்டுக்கும் ரிம்முக்கும் குறுக்கே வெள்ளை பெயின்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது, கோடு சேர்ந்திருந்தும் டயர் விளிம்பு ஆடினால் வாஷரைப் பாருங்கள். கடற்கரையில் ஓட்டிய நாளில் வீட்டுக்கு வந்ததும் சக்கரத்தைக் கழற்றி, ஹப்பின் முகத்தையும் துளையையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தபிறகே மாட்டவேண்டும். விரலால் தடவிப் பார்த்து ஒரு மணல் நெருடினாலும் இன்னொரு முறை கழுவுங்கள்.